மேல்மாடியில் இரவிலும் அனல் ஏன்? கூரை வழியே வெப்பம் இறங்கும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்குக் கோடை பகலோடு முடிவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: இந்த வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது, எங்கே மறித்தால் நிற்கும்? பெயின்ட் விற்பவர், டைல்ஸ் விற்பவர், ஏசி விற்பவர் என ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். இந்தப் பக்கத்தில் விற்பதற்கு எதுவும் இல்லை.

வெயில் சாய்ந்து, வெளியே காற்றும் குளிர்ந்துவிட்டது. வீட்டுக்குள் மட்டும் ஏன் அனலடிக்கிறது?

தலைக்கு மேல் இருக்கும் தளம் பகலெல்லாம் வாங்கி வைத்த வெப்பத்தை அப்போதுதான் கீழே விடத் தொடங்குகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பத்து அடி அறை, மேலே ஐந்து அங்குலத் தளம். அந்தத் தளத்தின் எடை மட்டும் ஏறத்தாழ 2,800 கிலோ. ஒரு கிலோ கான்கிரீட் ஒரு டிகிரி செல்சியஸ் குளிர வேண்டுமானால் அதிலிருந்து சுமார் 0.9 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். ஆகவே, தளம் முழுவதும் 10 டிகிரி தணிவதற்குள் கிட்டத்தட்ட 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிவந்தாக வேண்டும். 1,000 வாட் ஹீட்டரை ஏழு மணி நேரம் எரியவிட்டால் கிடைக்கும் வெப்பம் அது. அதில் ஒரு பகுதி மேலே வானத்துக்குப் போகிறது. மீதி உங்கள் படுக்கையறைக்குத்தான்.

வெளியே அடிக்கும் காற்றுக்கு இப்படிப்பட்ட சேமிப்பு கிடையாது. காற்று லேசானது, சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். வாசலில் நின்றால் இதமாகவும் உள்ளே நுழைந்தால் புழுக்கமாகவும் இருப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

வெப்பம் மேல்நோக்கித்தானே போகும்? மாடியிலிருந்து கீழே எப்படி இறங்குகிறது?

மேல்நோக்கிப் போவது வெப்பம் அன்று, சூடான காற்று. பள்ளியில் படித்தது நம் நினைவில் குறுகிப்போய் இப்படித் தங்கிவிட்டது. வெப்பத்துக்கு மேல் கீழ் தெரியாது. சூடு அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்கு அது போகும், அவ்வளவுதான். சூரியனின் வெப்பம் சுமார் 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைக் கடந்து நம் தலையில் இறங்கும்போது யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

தளத்துக்குள் வெப்பம் இறங்குவது கடத்தல் முறையில். மேற்பரப்பில் சூடேறிய துகள்கள் அடுத்திருக்கும் துகள்களை அதிரச் செய்ய, அவை தமக்கு அடுத்தவற்றை அதிரச் செய்யும். இதற்கு எந்தத் திசையும் ஒன்றுதான். தளத்தின் அடிப்பகுதியை, அதாவது சீலிங்கை, அடைந்த பிறகு கதை மாறுகிறது. சீலிங்கை ஒட்டிய காற்று சூடாகி லேசாகிவிடுவதால் அங்கேயே மிதந்து நிற்கும், கீழே இறங்காது. ஆகவே காற்றின் வழியாக வருவது குறைவு. பெரும்பகுதி கதிர்வீச்சாக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக, இடையில் உள்ள காற்றைப் பொருட்படுத்தாமல் நேரே கட்டில்மேல் விழுகிறது.

சந்தேகம் இருந்தால் இரவு எட்டு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு மல்லாந்து படுங்கள். முகத்துக்கு மேலே ஓர் அட்டையைப் பிடியுங்கள், பிறகு எடுங்கள், மறுபடி பிடியுங்கள். காற்றின் வெப்பநிலை துளியும் மாறியிருக்காது. முகத்தில் மட்டும் வேறுபாடு உடனே தெரியும்.

கடத்தல், சலனம், கதிர்வீச்சு: மூன்றையும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்களுக்கிடையே, அல்லது ஒரே பொருளுக்குள், பொருள் நகராமல் வெப்பம் மட்டும் நகர்ந்தால் கடத்தல். காற்றோ நீரோ தானே நகர்ந்து தன்னோடு வெப்பத்தைச் சுமந்து சென்றால் சலனம். எதுவுமே நடுவில் தேவையில்லாமல் ஒளியைப் போன்ற அலையாகப் போனால் கதிர்வீச்சு. நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது: நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் உள்ளுறை வெப்பம். பாடப்புத்தகம் அதை வேறு அத்தியாயத்தில் வைத்திருக்கும். வியர்க்கும் மனிதனுக்கு அதைத் தனியாக வைத்துப் பார்க்கக் கட்டுப்படியாகாது.

நண்பகலில்தானே வெயில் உச்சம்? சீலிங் மட்டும் ஏன் மாலை ஐந்து ஆறு மணிக்குமேல் அதிகம் தகிக்கிறது?

கான்கிரீட்டுக்குள் வெப்பம் ஊர்ந்துதான் போகிறது. பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பநிலையை ஓர் அலையாகப் பார்க்கலாம். அந்த அலை தளத்துக்குள் இறங்க இறங்க இரண்டு காரியங்கள் நடக்கின்றன. அதன் வீச்சு குறைகிறது, அது வந்து சேரும் நேரமும் தள்ளிப்போகிறது. இந்தக் கணக்கை முதலில் முறையாகப் போட்டவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியே. வெப்பம் பற்றிய அவருடைய நூல் 1822-ல் வெளிவந்தது. நிலத்தடியில் பருவங்களின் வெப்பம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் அவரை ஈர்த்த கேள்விகளில் ஒன்று.

ஃபூரியேயின் சமன்பாட்டில் சாதாரணக் கான்கிரீட்டின் எண்களைப் போட்டால், ஐந்து அங்குலத் தளத்துக்கு மூன்றரை மணி நேரம் போலத் தாமதம் வருகிறது. மேலே சுருக்கியும் (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை) அதன்மேல் பதிக்கும் தட்டோடும் சேர்ந்து எட்டு அங்குலமானால் ஐந்தரை மணி நேரத்தை ஒட்டிப் போகும். மொட்டை மாடியின் மேற்பரப்பு பிற்பகல் ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் 60 டிகிரியைத் தொடலாம். அந்த உச்சம் தேய்ந்து சீலிங்குக்கு வரும்போது மாலையாகிவிடும். அலுவலகத்திலிருந்து வீடு திரும்புகிறவரை வரவேற்கிற நேரம்.

தடிமனை இன்னும் கூட்டினால் உச்சம் நள்ளிரவுக்குத் தள்ளிப்போகும். பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அது லாபம். இரவில் தூங்குவதற்கான வீட்டுக்கு அது அத்தனை நல்ல பேரம் அல்ல. “தளத்தை கனமாகப் போட்டால் சூடு இறங்காது” என்ற யோசனையில் உள்ள ஓட்டை இதுதான்.

சுவரும் வெயிலில்தானே நிற்கிறது? கூரைக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. தெற்கே போகப் போக முதல் நாள் முந்தியும் இரண்டாவது பிந்தியும் வரும். கத்திரி வெயில் காலத்தில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கேதான் இருக்கிறது. தெற்குச் சுவரில் நேர் வெயில் அநேகமாக விழாது. கிழக்குச் சுவருக்குக் காலையில் சில மணி நேரம், மேற்குச் சுவருக்கு மாலையில் சில மணி நேரம். தளத்துக்கு விடிந்தது முதல் அடையும் வரை.

தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கிடைப்பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. கோடை நாள் முழுவதற்கும் கூட்டினால் சதுர மீட்டருக்கு 6 யூனிட் போல வரும். அந்தப் பத்துக்குப் பத்து அறையின் கூரைமீது மட்டும் ஒரு நாளில் 55 யூனிட்! சாம்பல் நிற சிமெண்ட் பரப்பு அதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிக்கொள்ளும். விழுங்கியதில் பெரும்பகுதியைக் காற்றுக்கும் வானத்துக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டாலும், எஞ்சியது போதும் உங்கள் தூக்கத்தைக் கெடுக்க.

மேற்குச் சுவரை மறந்துவிட வேண்டாம். அது இரண்டாம் எதிரி. கட்டிலின் தலைமாட்டை அந்தச் சுவரை ஒட்டிப் போடாமல் இருப்பதற்குச் செலவே இல்லை.

மின்விசிறி போட்டால் சூடான காற்றுதானே வருகிறது? போடுவதா, நிறுத்துவதா?

போடுங்கள். ஆனால் அது என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. பழைய வகை விசிறி இழுக்கும் 75 வாட்டும் கடைசியில் அந்த அறைக்குள்ளேயே வெப்பமாகத்தான் மாறுகிறது. போதாததற்கு, சீலிங்கை ஒட்டி மிதந்துகொண்டிருந்த சூடான காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிறது. “அனல் காற்று வருகிறது” என்ற புகார் கற்பனை அல்ல.

இருந்தாலும் அது நமக்கு உதவுகிறது, வியர்வையின் மூலம். உடல் சூட்டில் ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் தேவை. அதை நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மணிக்குக் கால் லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 160 வாட்டுக்கு மேல் வெப்பம் உடலை விட்டுப் போகிறது. ஓய்வாக இருக்கும் மனிதர் வெளியிடும் வெப்பம் 100 வாட் அளவுதான். சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. வழிந்தோடும் வியர்வையால் பயன் இல்லை. தோலை ஒட்டிய ஈரக் காற்றை விசிறி அகற்றிக்கொண்டே இருப்பதால்தான் அங்கே அது மிகவும் தேவைப்படுகிறது.

காற்றே தோலைவிடச் சூடாகிவிட்ட நாள்களில், அதாவது 35 டிகிரியைத் தாண்டும்போது, விசிறிக் காற்று ஒருபக்கம் நம்மைச் சூடாக்கிக்கொண்டே மறுபக்கம் வியர்வையை உலர்த்துகிறது. வியர்க்கும்வரை லாபக் கணக்கு. வியர்வை குறைந்துபோகும் முதியவர்களுக்கு அந்தக் கணக்கு தலைகீழாகிவிடலாம். 40 டிகிரி வெயிலில் மூடிய அறையில் வெறும் விசிறியை நம்பி அவர்களை விடக்கூடாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறியை வைப்பது மேல்.

சீலிங்கை ஓர் அடி உயர்த்திக் கட்டினால் சூடு குறையுமா?

சூடான காற்று தலைக்கு மேலே தங்க இடம் கிடைக்கும், அந்த அளவுக்குக் குறையும். கதிர்வீச்சுக்கு அந்த ஓர் அடி ஒரு பொருட்டே அல்ல. படுத்திருப்பவருக்கு மேலே தெரிவதெல்லாம் சூடான சீலிங்தான், அது பத்து அடியில் இருந்தாலும் பதினோரு அடியில் இருந்தாலும். அந்த ஓர் அடிச் சுவருக்கான பணத்தைத் தளத்தின் மேற்புறத்தில் செலவு செய்வதே என் கட்சி. செட்டிநாட்டு வீடுகளின் உயரத்தை உதாரணம் காட்டுவார்கள். அங்கே உயரத்தோடு முற்றமும் தடித்த சுவர்களும் ஓட்டுக் கூரைகளும் சேர்ந்திருக்கின்றன. உயரத்தை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு வந்தால் வேலை செய்யாது.

மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. இந்தப் பட்டியலில் செலவுக்கு ஏற்ற பலன் தருவதில் இதுதான் முதலிடம்.

வெப்பம் தளத்துக்குள் நுழைந்த பிறகு அதை எதிர்ப்பது கடினம். நுழையும் முன்பே திருப்பி அனுப்புவது சுலபம். புதிதாகப் பூசிய நல்ல வெள்ளைப் பரப்பு விழும் சூரிய ஆற்றலில் 70 முதல் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நண்பகலில் சிமெண்ட் பரப்பின்மீது வெறுங்காலோடு நிற்க முடியாது, பக்கத்திலேயே வெள்ளை பூசிய பரப்பில் நிற்கலாம். இரண்டுக்கும் 15 டிகிரிக்குக் குறையாத வித்தியாசம் சாதாரணமாக இருக்கும்.

கடைகளில் கிடைக்கும் விலை உயர்ந்த குளிர்கூரைப் பெயின்டுக்கும் சாதாரணச் சுண்ணாம்புக்கும் முதல் மாதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மழையில் கரையாமல் எத்தனை ஆண்டு நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஆண்டுதோறும் பங்குனியில் சுண்ணாம்பு அடிக்க ஆள் கிடைத்தால் அதுவே போதும். எதை அடித்தாலும் தூசியும் பாசியும் படிந்தால் பலன் குறைந்துவிடும். கோடைக்கு முன் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

அரசுகளும் இதைக் கவனிக்கத் தொடங்கியுள்ளன. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கையை வெளியிட்டது.

வெள்ளையைவிடப் பளபளக்கும் வெள்ளித் தகடு இன்னும் நன்றாக எதிரொளிக்காதா?

எதிரொளிக்கும், ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்பு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதோடு நிற்காமல், தான் வாங்கிய கொஞ்சத்தையும் அகச்சிவப்புக் கதிராகத் தாராளமாக வெளியே விட்டுவிடும். பளபளப்பான உலோகம் அப்படி விடாது. குறைவாக வாங்கினாலும் வாங்கியதைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் நிற்கும் புதுத் தகரம் பளபளவென்று மின்னிக்கொண்டே கையைச் சுடுவது அதனால்தான்.

அதே குணம் தளத்துக்கு அடியில் நமக்குச் சாதகமாகிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அலுமினியத் தாளை விரித்து, தாளுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று இடைவெளி விட்டால், தளத்திலிருந்து வரும் கதிரை அது திருப்பி அனுப்பிவிடும். இடைவெளி இல்லாமல் தளத்தோடு ஒட்டினாலோ, நடுவே சிமெண்ட் கலவையில் புதைத்தாலோ, கடத்தல் முறையில் வெப்பம் தாளைக் கடந்து போய்விடும். அலுமினியத்தைப் போல வெப்பம் கடத்துவதற்கு ஆள் குறைவு. தாள் ஒட்டித் தருகிறேன் என்று வருபவரிடம் “இடைவெளி எங்கே விடுவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

சுருக்கி, தட்டோடு எல்லாம் பழைய முறை என்கிறார்களே. பலன் இருக்கிறதா?

அவை முதன்மையாக மழைநீரை வடியவிட்டுத் தளத்தைக் காக்க வந்தவை. வெப்பத் தடுப்பு கூடுதல் லாபம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் சுருக்கி கான்கிரீட்டைவிடக் குறைவாகவே வெப்பம் கடத்தும், உள்ளே நுண்ணிய காற்றறைகள் இருப்பதால். தட்டோடு சிவப்பாக இருப்பது மட்டும் வெப்பத்தின் கோணத்தில் குறை. அதன்மேல் வெள்ளை அடிக்கலாம், அழகு போய்விடுமே என்பவர்கள் தாராளமாக வேர்க்கலாம்.

இதற்கெல்லாம் மூத்தது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, குறுக்குச் சாய்வில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லி, அதற்கும் மேல் ஓடு. கம்பியும் சிமெண்டும் இல்லாத கூரை. சென்னையின் பழைய வீடுகளிலும் அரசுக் கட்டடங்களிலும் இன்றும் நிற்கிறது. அதன் அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. நேரம் தள்ளிப்போவதோடு வெப்பம் குறைந்தும் இறங்கும்.

இன்று இவற்றோடு ‘கூலிங் டைல்ஸ்’ என்ற பெயரில் வெள்ளை டைல்ஸ் வருகின்றன. வெள்ளையாக இருப்பதே அவற்றின் முக்கியமான மருந்து.

தெர்மோகோல் மாதிரியான வெப்பக்காப்புப் பலகைகளைத் தளத்துக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

முதலில் அவை ஏன் வேலை செய்கின்றன என்பதைப் பார்ப்போம். அசையாத காற்று மிக மோசமான கடத்தி. செம்பு கடத்துவதில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கடத்தும். காற்றுக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் அசைவது. அதைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்துவிட்டால் அந்தப் பழக்கமும் போய்விடும். தெர்மோகோலில் பெரும்பகுதி இப்படி அடைபட்ட காற்றுதான். 5 சென்டிமீட்டர் தெர்மோகோல் செய்யும் தடையைக் கான்கிரீட்டைக் கொண்டு செய்ய வேண்டுமானால் 2 மீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும்!

இடம் என்று பார்த்தால், மேலே வைப்பது உயர்வு. தளம் நிழலில் இருப்பதுபோல் ஆகிவிடும். இரவில் அறையோடு சேர்ந்து குளிர்ந்து, மறுநாள் பகலில் அறையின் வெப்பத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். கான்கிரீட்டின் கனம் எதிரியாக இருந்தது மாறி, நம் பக்கம் வந்துவிடும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் வேலை குறைவதால் விரிசலும் குறையும்.

கீழே, ஃபால்ஸ் சீலிங்கில் வைத்தால் தளம் வழக்கம்போல் கொதிக்கும். நமக்கு வருவது மட்டும் குறையும். மொட்டை மாடியில் வேலை செய்ய முடியாத அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அதுவே வழி. ஏசி போட்டவுடன் அறை சீக்கிரம் குளிர்வது அதில் ஒரு வசதி. மேலே வைப்பவர்கள் நீர்க்கசிவுத் தடுப்பை ஒழுங்காகச் செய்யாவிட்டால் பலகைக்கு அடியில் தண்ணீர் தேங்கிவிடும். நனைந்த பிறகு பஞ்சு வகைக் காப்புகள் எதற்கும் உதவாது, ஏனென்றால் காற்று இருந்த இடத்தில் அதைவிட இருபது மடங்குக்கு மேல் கடத்தும் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றினால் வீடு குளிருமா, அல்லது ஆவி கிளம்பி இன்னும் புழுங்குமா?

குளிரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைத் தளத்திலிருந்து எடுத்துப் போகிறது. ஆகவே பத்து லிட்டர் முழுவதும் ஆவியாகிவிட்டால், முதல் பதிலில் பார்த்த 7 யூனிட் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைவிட எவ்வளவு ஆவியாகிறது என்பதே கணக்கு. குழாயில் வழிந்தோடும் நீர் கொஞ்சம் சூட்டைக் கழுவிக்கொண்டு போகும், அவ்வளவே. மெல்லத் தெளிப்பது, அல்லது பழைய சாக்கை விரித்து நனைத்து வைப்பது தண்ணீரை மிச்சப்படுத்தும்.

வெயில் இறங்கத் தொடங்கும் நான்கு மணி வாக்கில் நனைத்தால், கீழே இறங்கிக்கொண்டிருக்கும் வெப்பத்தின் வாலையாவது பிடிக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு ஊற்றுவது தாமதம். கிளம்பும் நீராவி மாடியோடு போய்விடும், ஜன்னல் வழியே பெரிதாக உள்ளே வராது. நீர்க்கசிவு உள்ள தளத்தில் இந்த வேலையே வேண்டாம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவிலும் இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

ஓலைக் கூரை குளிர்ச்சி, தகரக் கூரை சூடு. ஓட்டு வீடு நடுவில். இதற்குக் காரணம் தடிமன்தானா?

ஓலையில் அடுக்கடுக்காகக் காற்று சிக்கியிருக்கிறது, அதனால் கடத்தாது. கனமும் இல்லாததால் வெப்பத்தைச் சேமித்து வைக்காது. இரண்டு நற்குணமும் ஒரே பொருளில் அமைவது அபூர்வம். தீயும் கரையானும் இல்லாவிட்டால் அதைவிட நல்ல கூரையைக் காட்ட முடியாது.

ஓட்டுக் கூரையில் ஓடுகளுக்கிடையே உள்ள சந்துகள் வழியே சூடான காற்று தானே மேலே வெளியேறிவிடும். தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் மெல்லியவை, வெயில் பட்ட சில நிமிடங்களில் கொதிக்கும். ஆனால் அந்தி சாய்ந்ததும் அதே வேகத்தில் ஆறிவிடும். தகரக் கொட்டகையில் பகல் நரகம், பின்னிரவு கான்கிரீட் வீட்டைவிட மேல். மார்கழி விடியலில் தகரத்தின் அடியில் நீர் சொட்டுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். வானத்தை நோக்கிக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் தகரம் குளிர்ந்துவிடுவதால் அதன்மேல் பனி படிகிறது.

காற்றைவிடவும் குளிருமா? அது எப்படி?

தெளிந்த இரவு வானம் அகச்சிவப்புக் கதிருக்குத் திறந்த கதவு. மேற்பரப்பு வெளியே அனுப்புவது அதிகம், வானத்திலிருந்து திரும்பி வருவது குறைவு. இதை வைத்து வட இந்தியாவில் முன்பு பனிக்கட்டியே செய்தார்கள். அலகாபாத் பகுதியில் அதைப் பார்த்த ராபர்ட் பார்க்கர் எழுதிய விவரிப்பு 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. ஆழமில்லாத குழிகளில் காய்ந்த தட்டைகளை, அதாவது பயிர்த் தண்டுகளை, பரப்பி, அவற்றின்மேல் தட்டையான மண் தட்டுகளை வைத்து, அந்தியில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடிவதற்குள் பனிக்கட்டியை அள்ளுவார்கள். தரையின் சூடு கடத்தலாக மேலே வராதபடி தட்டை தடுத்தது. கதிர்வீச்சும் ஆவியாதலும் மேற்பக்கம் வேலை செய்தன.

குளிர்கால வறண்ட வானத்துக்கு அது நடந்தது. மே மாதச் சென்னை வானத்தில் உள்ள நீராவி அகச்சிவப்பை உறிஞ்சித் திருப்பி அனுப்புவதால், நம் தளம் அந்த வழியில் அவ்வளவு வேகமாக ஆறுவதில்லை. மேகமூட்டமான இரவு இன்னும் மோசம். ஈரம் குறைந்த உள்மாவட்டங்களுக்கு இதில் சலுகை உண்டு.

குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் கப்பலில் பனிக்கட்டி வந்ததாமே. உருகாமல் எப்படி வந்தது?

உருகிக்கொண்டேதான் வந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர் 1833-ல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். வந்து சேர்ந்தது 100 டன் போல. வெப்ப மண்டலத்தைக் கடந்து பாதிக்கு மேல் மிஞ்சியதற்கு இரண்டு காரணங்கள்: நெருக்கமாக அடுக்கிய பனிக்கட்டிப் பாளங்கள், சுற்றிலும் மரத்தூள் போன்ற காப்பு. பெரிய குவியலுக்குக் கொள்ளளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு குறைவு. ஒரு கிலோ பனிக்கட்டி உருகவே 334 கிலோஜூல் தேவை. மரத்தூளில் அடைபட்ட காற்று அந்த வெப்பத்தை உள்ளே விடாமல் தாமதப்படுத்தியது.

சென்னையில் அப்படி வந்த பனிக்கட்டியை வைக்க 1842-ல் கடற்கரையோரம் கட்டப்பட்டதுதான் ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம்.

ஒன்றரை டன் ஏசி என்கிறார்களே, அதன் எடை அவ்வளவா?

எடை அல்ல, வேகம். அந்தப் பனிக்கட்டி வியாபாரத்தின் மிச்சம் இந்த அளவு. ஒரு டன் (அமெரிக்க டன், 907 கிலோ) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் அறையின் வெப்பத்தை எடுக்கும் இயந்திரம் ஒரு டன் ஏசி. வாட் கணக்கில் சுமார் 3,500.

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே உள்ள வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது, தான் இழுக்கும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து. வெளிப்புறப் பெட்டியைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே வைப்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம். தளத்தைக் கவனிக்காமல் ஏசியை மட்டும் பெரிதாக்குவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைப்பது.

ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது?

வெளியே உள்ளதைவிட உள்ளே சூடாக இருக்கும்போது திறக்க வேண்டும், மற்ற நேரத்தில் மூட வேண்டும். கோடையில் காலை ஒன்பது மணிக்கு மூடி, கடற்காற்று வந்ததும் அல்லது வெயில் சாய்ந்ததும் திறப்பது சரியாக இருக்கும். கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கு எல்லா ஜன்னலையும் அடைக்கும் வழக்கம் தளத்துக்குத்தான் வசதி. கொசுவலை அடித்துக்கொள்ளுங்கள்.

மேற்கு ஜன்னலுக்கு உள்பக்கத் திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது பன்மடங்கு பலன் தரும். கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடும். திரையில் பட்டு அது வெப்பமான பிறகு, அந்த அகச்சிவப்பை வெளியே விடாது.

வாடகை வீடு. மாடியில் எதுவும் செய்ய முடியாது. என்ன வழி?

வீட்டுக்காரரிடம் சுண்ணாம்புச் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதற்கும் இடமில்லை என்றால் தென்னங்கீற்றோ நிழல் வலையோ, எது கிடைத்தாலும் தளத்திலிருந்து சற்று உயர்த்தி, காற்று ஓடும்படி கட்டுங்கள். தளத்தின்மேல் படிய விரிப்பதைவிட இடைவெளி விட்டுக் கட்டுவது நல்லது. சூரிய மின்தகடுகள் வைத்த மாடிகளில் கீழே இதமாக இருப்பதும் இந்த நிழலால்தான்.

மாடிப்படியில் ஏறவே அனுமதி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கட்டிலுக்கு மேலே நான்கு மூலையிலும் கயிறு கட்டி ஒரு வெள்ளை வேட்டியையோ பருத்திப் போர்வையையோ விதானமாக விரியுங்கள். சீலிங்கிலிருந்து வரும் கதிர் அதில் தங்கி, பாதி அளவுக்குத்தான் உங்களை அடையும். சீலிங் விசிறியின் காற்றை அது மறைத்துவிடுமாதலால் மேசை விசிறியைப் பக்கவாட்டில் வையுங்கள். பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டுத் தரையில் கோரைப்பாயில் படுப்பதும் உதவும். கீழ்வீட்டுக்காரரின் கூரையாகிய அந்தத் தரையில் வெயில் படுவதில்லை. உங்கள் முதுகின் வெப்பத்தை அது தாராளமாக வாங்கிக்கொள்ளும்.